நீறு பூத்த நெருப்பும் ஒரு பலகையும்: தீ தாங்கும் வெப்பக்காப்புப் பலகை செய்யத் தொடங்குவோருக்கு

எங்கள் பாட்டி இரவில் அடுப்பை அணைத்ததே இல்லை. தணலை ஓரமாகத் தள்ளிச் சாம்பலைப் போட்டு மூடிவிட்டுப் படுக்கப் போவார். விடியற்காலையில் சாம்பலை விலக்கி இரண்டு ஊது ஊதினால் தணல் கண் விழிக்கும். மேலே உள்ள சாம்பலைக் கையால் தொடலாம். இரண்டு விரற்கடை கீழே நெருப்பு. மனக்கசப்புக்கு உவமையாக நாம் சொல்லும் 'நீறு பூத்த நெருப்பு' என் தொழிலுக்கு முதல் பாடம். சாம்பலில் எரிவதற்கு மிச்சம் எதுவும் இல்லை, அதனால் அது எரியாது. அதன் உடம்பில் பாதிக்கு மேல் காற்று, அதனால் வெப்பத்தை எளிதில் விடாது.

அந்தச் சாம்பலைப் பலகையாக எழுப்பி நிறுத்துவதுதான் இங்கே வேலை. ஓசூரில் ஒரு வார்ப்படப் பட்டறையில் பல ஆண்டுகள் அச்சு மணல் பிசைந்தவன் நான். இப்போது காரிமங்கலம் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் பேக்கரி அடுப்புகளுக்கும் வெல்ல ஆலைகளுக்கும் பலகை செய்து கொடுக்கிறேன். புதிதாக இறங்க நினைப்பவர்கள் வந்ததும் கேட்பது, "என்ன கலக்க வேண்டும்?" கலவை மூன்றாவது கேள்வி.

முதல் படி: தீயா, வெப்பமா?

தீக்காப்பும் வெப்பக்காப்பும் ஒன்றுபோலத் தோன்றும். பேக்கரி அடுப்பின் சுவர் தினமும் பல மணி நேரம் 300 டிகிரி செல்சியஸில் கிடக்கிறது. சமையலறைக்கும் துணிக் கிடங்குக்கும் நடுவே நிற்கும் தடுப்போ ஆயுள் முழுக்க 35 டிகிரியில் சும்மா நிற்கும். என்றாவது ஒரு நாள், ஒரு மணி நேரம், 900 டிகிரியைத் தாங்க வேண்டியிருக்கும். முன்னது ஏர் உழும் மாடு. பின்னது எருது விடும் விழாவில் ஓடும் காளை. ஒன்றை வாங்கி மற்றதன் வேலைக்குக் கட்டினால் என்ன ஆகும் என்று எங்கள் மாவட்டத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜிப்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இறுகிய ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய 21 சதவீதம் தண்ணீர். ஈரமாக அல்ல, படிகத்துக்குள் பூட்டிய தண்ணீர். தீ வந்ததும் 100 டிகிரியைத் தாண்டி அந்தத் தண்ணீர் ஆவியாகக் கிளம்பும். அது முழுவதும் போய் முடியும்வரை பலகையின் மறுபக்கம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தடுப்புச் சுவருக்கு இதைவிட மலிவான காவல்காரன் கிடையாது. ஆனால் அது ஒரே ஒரு முறை உடைக்கும் உண்டியல். அதே ஜிப்சத்தைப் பேக்கரி அடுப்பில் பொருத்தினால் முதல் வாரத்திலேயே உண்டியல் காலி. பிறகு மிஞ்சுவது சுருங்கி வெடித்த சுண்ணப்பொடி. நாள்தோறும் 50 டிகிரிக்கு மேல் இருக்கும் எந்த இடத்திலும் ஜிப்சத்தை நம்ப வேண்டாம்.

எனவே தாள் எடுத்து நான்கு விஷயங்களை எழுதுங்கள். சூடான பக்கம் எத்தனை டிகிரி? எத்தனை நேரம், எத்தனை முறை? பலகை நனையுமா? அதன்மேல் பாரம் உட்காருமா? இந்த நான்குக்கும் பதில் இல்லாமல் யாராவது ஆர்டர் கொடுத்தால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

தகரக் கூரைக்குக் கீழே பொருத்தக் கேட்பவர்களும் வருவார்கள். அங்கே வேலை எளிது. வெயிலில் தகரம் 60, 70 டிகிரிதான் போகும். எடை குறைவாக இருந்தால் போதும். எரியாத பொருள் என்று ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மட்டும் கொண்டுவராதீர்கள். அதுவும் கனிமம்தான், தீயில் எரியாதுதான். அறுக்கும்போது பறக்கும் இழை நுரையீரலில் போய்த் தங்கிவிடும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் துளை போடும் வேலையையும் நான் ஏற்பதில்லை.

இரண்டாம் படி: தடிமன் கணக்கு

ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு எளிதாகக் கடத்திவிடும் என்ற அளவுதான் வெப்பக் கடத்துதிறன். அசையாத காற்றுக்கு அது சுமார் 0.026 வாட்/மீட்டர்·கெல்வின். செங்கல்லுக்கு 0.7 அளவில், நம் ஊர் கருங்கல்லுக்கு 2 முதல் 4 வரை, இரும்புக்கு 50. வெப்பத்தைத் தடுப்பது காற்று. கனிமம் அந்தக் காற்றை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும் கூண்டு, அவ்வளவுதான். கனமான பலகை நல்ல பலகை என்ற நம்பிக்கையை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள். வாடிக்கையாளர்களிடம் அதை இறக்குவது கடினம். கையில் தூக்கிப் பார்த்து, "என்ன இது, அப்பளம் மாதிரி இருக்கிறதே" என்பார்கள்.

கணக்கு சுலபம். தடிமனை மீட்டரில் எடுத்துக் கடத்துதிறனால் வகுத்தால் வெப்பத்தடை. நாம் செய்யப்போகும் பெர்லைட் (பொரித்த எரிமலைக் கண்ணாடி மணி) பலகைக்கு 0.08 என்று வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. பலகையின் தடை 0.05 வகுத்தல் 0.08, அதாவது 0.625. வெளிப்பக்கக் காற்றுப் படலத்துக்கு இன்னொரு 0.1 சேர்த்தால் 0.725. அடுப்பு 300 டிகிரி, கொட்டகை 35 டிகிரி, வித்தியாசம் 265. அதை 0.725-ஆல் வகுத்தால் ஒரு சதுர மீட்டரில் 365 வாட் வெளியேறுகிறது. காற்றுப் படலத்தின் தடை 0.1 என்பதால், அதன் பத்தில் ஒரு பங்கை 35-உடன் கூட்டினால் வெளிச்சுவரின் சூடு சுமார் 72 டிகிரி. கை வைத்தால் சுடும். தடிமனை 100 மி.மீ. ஆக்கினால் இதே கணக்கில் 55 டிகிரி வரும். தடிமன் இரட்டித்ததில் வெப்ப இழப்பு ஏறக்குறையப் பாதியாகிறது. மேலும் 50 மி.மீ. சேர்த்தாலும் குறைவது ஆறு டிகிரி அளவில்தான். எங்கே நிறுத்துவது என்பதைப் பலகையின் விலையும் விறகின் விலையும் சேர்ந்து முடிவு செய்யும்.

ஒரு எச்சரிக்கை. கடத்துதிறன் மாறாத எண் அல்ல. சூடு ஏற ஏற அதுவும் ஏறும். விற்பனைத் தாளில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் சாதாரண அறை வெப்பத்தில் அளந்தது. அதை வைத்து 600 டிகிரி உலைக்குக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம்.

மூன்றாம் படி: நிரப்பி எளிது, பசை கடினம்

ஒரு பலகையில் மூன்று பேர் இருக்கிறார்கள்: காற்றைச் சுமக்கும் நிரப்பி, எல்லாவற்றையும் ஒட்டும் பசை, விரிசலைப் பிடித்து நிறுத்தும் நார். புதியவர்கள் நிரப்பியைத் தேடி அலைகிறார்கள். என் அனுபவத்தில் தீயில் முதலில் தோற்பது பசை.

நிரப்பியை விரைவாக முடித்துவிடலாம். பெர்லைட் ஓர் எரிமலைக் கண்ணாடி. அதனுள் சிக்கிய சிறிதளவு நீர், 850-900 டிகிரி சூட்டில் ஆவியாகி, கல்லைப் பொரிபோல் பொரித்துவிடும். வெர்மிகுலைட் மைக்கா இனம். சூட்டில் அடுக்கடுக்காகப் பிரிந்து புழுப்போல நீளும். திருப்பத்தூர் அருகே சேவத்தூரில் வெர்மிகுலைட் கிடைப்பது நமக்குக் கைக்கெட்டும் வசதி. எங்கிருந்து வாங்கினாலும் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்ற ஆய்வுச் சான்றைக் கேளுங்கள். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிபி என்ற ஊரின் வெர்மிகுலைட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்து ஊரையே நோயாளியாக்கியது. அந்தச் சுரங்கம் 1990-இல் மூடப்பட்டது.

அரிசி ஆலைச் சாம்பல் இலவசமாகக் கிடைக்கிறதே என்பார்கள். நல்ல பொருள்தான், நன்கு எரிந்த உமிச் சாம்பலில் 85 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. ஆனால் ஆலைக் கொல்லையில் குவிந்திருக்கும் கறுப்புச் சாம்பலில் எரியாத கரி நிறைய. அதைப் பலகையில் போட்டால் தீக்குள் தீனி வைத்ததாகும். வெளிர் சாம்பலாகத் தேர்ந்தெடுங்கள். கிரானைட் பட்டறைக் கழிவுத்தூளையும் பலர் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அது வேண்டாம். கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் படிக வடிவம் மாறித் திடீரென்று விரியும். பாறைமேல் விறகை அடுக்கித் தீ மூட்டிக் கல் பெயர்த்த பழைய கல்லுடைப்போருக்குத் தீ கருங்கல்லை என்ன செய்யும் என்று தெரியும். பாறையையே பெயர்க்கும் தீக்கு நம் பலகை எம்மாத்திரம்?

இனி பசை.

போர்ட்லாண்ட் சிமென்ட் எல்லோருக்கும் தெரிந்தது, அதனாலேயே எல்லோரும் ஏமாறுவது. இறுகிய சிமென்ட்டுக்குள் இருக்கும் சுண்ணாம்பு ஹைட்ராக்சைடு 400 முதல் 500 டிகிரிக்குள் நீரை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடும். சூட்டில் பலகை நன்றாகவே நிற்கும். ஆறிய பிறகு காற்றின் ஈரத்தையோ மழைநீரையோ குடித்து அந்தச் சுண்ணாம்பு நீற்றிப் பருக்கும். என் ஆரம்ப காலத்தில் ஒரு செங்கற்சூளைக் கதவுக்கு சிமென்ட்-பெர்லைட் பலகை போட்டுக் கொடுத்தேன். சூளை எரிந்த பத்து நாளும் கல்லாக நின்றது. அடுத்த வாரம் ஐப்பசி மழை. சூளைக்காரர் கூப்பிட்டார், போய்ப் பார்த்தால் கதவுச் சட்டம் நிற்கிறது, பலகை கீழே மாவாகக் கிடக்கிறது. கையில் அள்ளினேன், இன்னும் இளஞ்சூடாக இருந்தது, நெருப்பினால் அல்ல, சுண்ணாம்பு நீற்றிய சூட்டினால். சிமென்ட்தான் வேண்டும் என்றால் உலை வேலைக்கான அலுமினா சிமென்ட்டை வாங்குங்கள். விலை பல மடங்கு. ஆனால் இந்தச் சுண்ணாம்புத் தொல்லை இல்லை.

சேலத்து மேக்னசைட் பக்கத்திலேயே இருப்பதால் மெக்னீசியம் ஆக்சைடு பலகை செய்யலாமா என்று கேட்பார்கள். சுட்ட மேக்னசைட் மாவை மெக்னீசியம் குளோரைடு கரைசலில் பிசைந்தால் பளிங்குபோல இறுகும்; 1867-இல் சோரல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ட முறை. தீயையும் தாங்கும். ஆனால் ஈரக் காற்றில் உப்பு வியர்க்கும். டென்மார்க்கில் 2010-க்குப் பிறகு ஏராளமான கட்டடச் சுவர்களில் இந்தப் பலகையை அடித்தார்கள். சில ஆண்டுகளில் அது உப்புநீர் வடித்து, ஆணிகளை அரித்து, கழற்ற வேண்டியதாயிற்று. வறண்ட உள்ளறைக்கு மட்டும் யோசிக்கலாம். தொடக்கக்காரருக்கு வேண்டாம்.

மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பலைக் காஸ்டிக் சோடாவாலும் சிலிக்கேட்டாலும் இறுக்கும் ஜியோபாலிமர் முறைக்கு எதிர்காலம் இருக்கிறது. 60-80 டிகிரியில் ஒரு நாள் பதப்படுத்தினால் நல்ல தீத்தாங்கும் கல்லாகும். இரண்டாம் ஆண்டில் முயன்று பாருங்கள். காஸ்டிக் சோடா கண்ணில் பட்டால் கண் போய்விடும். கால்சியம் சிலிக்கேட் பலகைதான் தொழிற்சாலைகளின் ராஜா. நல்ல வகை 1000 டிகிரி வரை நிற்கும். ஆனால் சுண்ணாம்பையும் சிலிக்காவையும் 180-200 டிகிரி அழுத்த நீராவியில் வேக வைக்க வேண்டும். அது கொட்டகை வேலை அல்ல. பழைய டிரம்மை வெல்டிங் வைத்து அழுத்தக்கலம் செய்கிறேன் என்று கிளம்பிய ஒருவரைக் கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறேன்.

மிஞ்சுவது இரண்டு: ஜிப்சம், சோடியம் சிலிக்கேட் என்ற கண்ணாடிப் பசைத் திரவம். முன்னது தீத்தடுப்புக்கு, பின்னது தினசரி வெப்பத்துக்கு. சிலிக்கேட் எனக்குப் பழைய சிநேகிதன். வார்ப்படப் பட்டறையில் மணலைச் சிலிக்கேட்டில் பிசைந்து கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தினால் அரை நிமிடத்தில் மணல் கல்லாகும். அந்த வித்தையைத்தான் பெர்லைட்டுக்கு மாற்றிக்கொண்டேன். அதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன்: தண்ணீரில் கரையும், 600 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும் என்று வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும்.

நாருக்கு 12 மி.மீ. வெட்டிய கண்ணாடி இழை அல்லது பசால்ட் இழை. சிமென்ட்டோடு சேரும் என்றால் சிர்கோனியா கலந்த, காரம் தாங்கும் கண்ணாடி இழையாகக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண இழையை சிமென்ட்டின் காரம் தின்றுவிடும். தேங்காய் நார், சணல், காகிதக்கூழ் எதுவும் கூடாது. தெர்மாகோல் மணியை சிமென்ட்டில் கலந்து 'தீப்பிடிக்காத பலகை' என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். துண்டு ஒன்றை அடுப்பில் காட்டுங்கள், மூக்கு பதில் சொல்லும். எரியக்கூடிய உறைத் தகட்டையும் காப்புப் பொருளையும் சுவரில் ஒட்டினால் என்ன ஆகும் என்பதை லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017-இல் 72 உயிர்களைக் கொடுத்து உலகம் பார்த்தது.

நான்காம் படி: தினசரி வெப்பத்துக்கு ஒரு பெர்லைட் பலகை

அளவு 300 × 300 × 50 மி.மீ.; கொள்ளளவு நாலரை லிட்டர். நமக்கு வேண்டிய அடர்த்தி கன மீட்டருக்கு 250 கிலோ. அப்படியானால் உலர்ந்த பலகை சுமார் 1,120 கிராம் இருக்க வேண்டும். இந்த எண்ணை அச்சுப் பெட்டியின்மேலேயே எழுதி வையுங்கள்.

பொரித்த பெர்லைட் 9 லிட்டர். லிட்டருக்கு 80 கிராம் வகையானால் 720 கிராம் வரும். சோடியம் சிலிக்கேட் திரவம் 1 கிலோ. திடப்பொருள் 40 சதவீதம் உள்ளதாக வாங்கினால் அதில் 400 கிராம் பலகையில் தங்கும், 600 கிராம் தண்ணீராகப் போகும். இழை 15 கிராம். ஒன்பது லிட்டரை நாலரை லிட்டராக அழுத்தப் போகிறோம் என்பதைக் கவனியுங்கள். குறைவாக அழுத்தினால் உதிரும், அதிகம் அழுத்தினால் மணிகள் உடைந்து காற்று போய்விடும்.

முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், என்-95 தரத்தில், கைக்குட்டை போதாது. நம் பக்கத்துக் கல் குவாரிகளில் வேலை செய்தவர்களின் இருமலைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ரப்பர் கையுறை, கண்ணாடி, பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர்.

கலப்பதற்கு சிமென்ட் மிக்ஸர் ஆகாது. சுழற்சியில் பெர்லைட் நொறுங்கிப் பாதியாகிவிடும். அகலமான தாம்பாளத்தில் பெர்லைட்டைப் பரப்பி, இழையைப் பிரித்துத் தூவி, சிலிக்கேட்டைத் தெளிப்பானால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தபடி கையால் புரட்டுங்கள். பதம் என்ன? ராகிப் புட்டு செய்யத் தெரிந்தவர்களுக்கு ஒரே வரி: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். விரலிடுக்கில் சொட்டினால் சிலிக்கேட் அதிகம். களிப்பதம் வந்துவிட்டால் அந்தக் கலவை கெட்டது, மேலும் பெர்லைட் போட்டுச் சரிசெய்ய முயலாமல் ஒதுக்கிவிடுங்கள். பிறகு மூட்டுப் பூச்சுக்கு உதவும்.

அச்சு, இரும்புச் சட்டமாக 100 மி.மீ.க்குச் சற்று அதிக உயரத்தில் இருக்கட்டும். உள்ளே பிளாஸ்டிக் தாள் விரித்து, கலவையை மூன்று தவணையாகப் போட்டு, ஒவ்வொரு தவணையையும் மட்டப்பலகையால் தட்டி, மூலைகளை விரலால் நிரப்புங்கள். எல்லாப் பலகையும் முதலில் உடைவது மூலையில்தான். மேலே இரும்புத் தகடு வைத்து கார் ஜாக்கியால் 50 மி.மீ. வரை இறக்கி, தகட்டில் போட்ட துளைகள் வழியே கார்பன் டை ஆக்சைடு வாயுவை அரை நிமிடம், ஒரு நிமிடம் செலுத்துங்கள். கொட்டகைக் கதவுகள் திறந்திருக்க வேண்டும். அந்த வாயு தரையோடு தங்கி மூச்சை அடைக்கும். பலகையை எடுத்ததும் நகத்தால் கீறிப் பாருங்கள். கீறல் விழலாம், உதிரக்கூடாது.

உலர்த்தலில்தான் தொண்ணூறு சதவீதத் தோல்வி. என் முதல் பலகையை அவசரத்தில் நேராக 200 டிகிரி அடுப்பில் வைத்தேன். பத்து நிமிடத்தில் நடு வயிறு பூரிபோல உப்பி, மேலே கண்ணாடிக் கொப்புளங்களுடன் வெளியே வந்தது. உள்ளே நீர் இருக்கும்போது சிலிக்கேட்டைச் சூடாக்கினால் அது நுரைத்துப் பொங்கும். அதன் இயல்பு அது. அன்று என்னோடு இருந்த வயதான மேஸ்திரி பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, பச்சைப் பானையைச் சூளையில் வைத்துவிட்டாய்" என்றார்.

எனவே முதலில் இரண்டு நாள் நிழலில், காற்றோட்டமாக, செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். பிறகு வெயிலில், கறுப்புத் தகரம் மூடிய பெட்டிக்குள். சித்திரை வைகாசியில் தர்மபுரி வெயில் அந்தப் பெட்டிக்குள் 60 டிகிரியை எளிதாகத் தரும். அந்த அளவுக்கு மின்சாரம் மிச்சம். தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டுப் பலகையின் முதுகில் பென்சிலால் எழுதுங்கள். ஈரத்தோடு 1,735 கிராமில் தொடங்கும். 1,200-ஐ நெருங்கும்போது அடுப்புக்குக் கொண்டுபோகலாம்: 110 டிகிரியில் மூன்று மணி நேரம், பிறகு மெல்ல ஏற்றி 200-இல் இரண்டு மணி நேரம். அடுத்தடுத்து இரண்டு எடைகள் மாறாமல் நின்றால் பலகை தயார். எடை இறங்காமல் ஒரே இடத்தில் நின்று, ஆனால் 1,120-க்கு மிக அதிகமாக இருந்தால் நீங்கள் வாங்கிய பெர்லைட் கனமான வகை. கலவையை மாற்ற வேண்டும், பலகையைக் குறை சொல்லக்கூடாது.

ஐந்தாம் படி: தீத்தடுப்புக்கு ஒரு ஜிப்சம் பலகை

இது சுருக்கமான வேலை. 300 × 300 × 25 மி.மீ. பலகைக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் (தண்ணீர் சேர்ந்தால் ஜிப்சமாக இறுகும் மாவு) 1.2 கிலோ, பொரித்த மெல்லிய வெர்மிகுலைட் ஒன்றரை லிட்டர், தண்ணீர் ஒரு லிட்டர், கண்ணாடி இழை 10 கிராம். வெர்மிகுலைட்டை முதலில் அந்தத் தண்ணீரில் நனைத்துவிட்டு, பிளாஸ்டரைத் தூவிக் கலக்குங்கள். தண்ணீரைப் பிளாஸ்டரில் ஊற்றினால் கட்டி தட்டும். பத்து நிமிடத்துக்குள் இறுகத் தொடங்கிவிடும். கை பழகாதவர்கள் தண்ணீரில் எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். அச்சில் ஊற்றித் தட்டி மட்டம் பாருங்கள். அரை மணியில் கழற்றலாம்.

உலர்த்தும்போது முந்தைய படிக்கு நேர் எதிராக நடக்க வேண்டும். அடுப்பும் வேண்டாம், தகரப் பெட்டியும் வேண்டாம். 45 டிகிரியைத் தாண்டாமல் நிழலில் காயட்டும். படிக நீர்தான் இங்கே மூலதனம். சூடு காட்டி உலர்த்தினால் தீ வருவதற்கு முன்பே உண்டியலை உடைத்ததாகும். உலர்ந்த பலகை சுமார் 1.6 கிலோ இருக்கும், கன மீட்டருக்கு 700 கிலோ. இதை வெப்பக்காப்பு என்று விற்காதீர்கள். தீக்காப்பு என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆறாம் படி: அடுப்பில் காட்டிப் பார்

ஆய்வகத்துக்குப் போவதற்கு முன் கொட்டகையிலேயே பாதி உண்மை தெரிந்துவிடும். பலகையை இரும்புச் சட்டத்தில் நிறுத்தி, முன்பக்கம் ஓர் எல்பிஜி பர்னர். பின்பக்கம் நடுவில், சூட்டை அளக்கும் மீட்டரோடு இணைந்த கம்பி உணரி, அதாவது ஒரு கே வகை தெர்மோகப்பிள். மீட்டர் வாங்கும்வரை மெழுகுவர்த்தியை உருக்கிப் பின்பக்கம் ஐந்தாறு சொட்டு விடுங்கள். மெழுகு 60 டிகிரி அளவில் உருகும்; எந்தச் சொட்டு எந்த நிமிடத்தில் கண்ணாடிபோல் தெளிகிறது என்று பார்த்தால் வெப்பம் எந்த வழியாக வருகிறது என்பதும் தெரிந்துவிடும். ஓரச் சொட்டு முதலில் உருகினால் தவறு பலகையில் அல்ல, சட்டத்தில்.

ஜிப்சம் பலகையில் ஒரு காட்சியைத் தவறவிடாதீர்கள். பின்பக்க மீட்டர் ஏறிக்கொண்டே வந்து, 100 டிகிரியை நெருங்கியதும் நின்றுவிடும். முன்பக்கம் சிவந்து கனன்றுகொண்டிருக்க, பின்பக்கத்து எண் நிமிடக்கணக்கில் நகராது. ஓரங்களில் லேசாக ஆவி கசியும். பிறகு திடீரென்று ஏறத் தொடங்கும். அந்த நிற்றலின் நீளம்தான் நீங்கள் விற்கும் சரக்கு. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறிய பிறகு இரும்பு ஸ்கேலால் நீளத்தை அளங்கள். 300 மி.மீ.யில் 6 மி.மீ. சுருங்கியிருந்தால், சுவரில் ஒவ்வொரு மூட்டிலும் அதே அளவுக்கு வாய் திறக்கும். பின்னர் சுட்ட துண்டில் தண்ணீர் தெளித்து ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். என்னைச் சூளைக்காரர் முன் தலைகுனிய வைத்தது இந்தச் சோதனையைச் செய்யாததுதான்.

காசு வாங்கிக்கொண்டு 'ஒரு மணி நேரத் தீத்தடுப்பு' என்று எழுதிக் கொடுக்க வேண்டுமானால் கொட்டகைச் சோதனை செல்லாது. அதற்கு இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 3809 முறையில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் உலைச் சோதனை தேவை, கடத்துதிறனுக்கு ஐ.எஸ். 3346. உலகெங்கும் பின்பற்றும் ஐஎஸ்ஓ 834 வளைவின்படி உலை 30 நிமிடத்தில் 842 டிகிரியையும், 60 நிமிடத்தில் 945-ஐயும், இரண்டு மணி நேரத்தில் 1,049-ஐயும் தொடும். பின்பக்கச் சூடு தொடக்கத்தைவிடச் சராசரியாக 140 டிகிரிக்கு மேலோ, ஏதாவது ஒரு புள்ளியில் 180-க்கு மேலோ உயர்ந்தால் தோல்வி. இன்னொன்று: அந்தச் சான்று பலகைக்குக் கிடைப்பதில்லை, பலகை, சட்டம், ஆணி, மூட்டு எல்லாம் சேர்ந்த சுவருக்குக் கிடைப்பது. சட்டத்தை மாற்றினால் சான்று உங்களுடையது அல்ல.

ஏழாம் படி: பொருத்துதல்

100 மி.மீ. வேண்டுமானால் ஒரே தடித்த பலகை செய்யாதீர்கள், 50 மி.மீ. பலகைகளை இரண்டு அடுக்காக, செங்கல் கட்டுவதுபோல மூட்டு மேல் மூட்டு வராமல் மாற்றி அடுக்குங்கள். ஒரு மூட்டு வாய் திறந்தாலும் அடுத்த அடுக்கு மூடிக்கொள்ளும். ஒதுக்கி வைத்த களிப்பதக் கலவையைச் சிலிக்கேட் பலகைகளின் மூட்டுப் பூச்சாகப் பயன்படுத்தலாம்.

உள்தகட்டிலிருந்து வெளித்தகடு வரை நேராகப் போகும் போல்ட்டுகளைக் குறையுங்கள். இரும்பு, நம் பலகையைவிட அறுநூறு மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். பாலக்கோடு பக்கம் ஒரு வெல்ல ஆலையின் அடுப்புக் கதவில் பலகையெல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் கதவின் வெளிப்பக்கம் ஒன்பது போல்ட் தலைகளைச் சுற்றியும் பெயிண்ட் வட்ட வட்டமாகப் பழுத்திருந்தது. முதல் அடுக்கை உள்தகட்டோடும் இரண்டாம் அடுக்கை வெளித்தகட்டோடும் தனித்தனியாகப் பிடித்து, போல்ட்டுகள் ஒன்றையொன்று தொடாமல் விலக்கி வைத்த பிறகுதான் அந்த வட்டங்கள் நின்றன.

சிலிக்கேட் பலகை வெளியே நனையும் இடமானால் தகட்டு உறை கட்டாயம். உறையின் கீழ் விளிம்பில் நீர் வடிய இரண்டு துளை. அடுப்பை முதல் நாளே முழுச் சூட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லாதீர்கள்: முதல் நாள் 100 டிகிரி, மறுநாள் 200, மூன்றாம் நாள் வேலைச் சூடு. அன்று மாலை நீங்களே போய் வெளிச்சுவரின் சூட்டை அளந்து, தளர்ந்திருக்கும் திருகுகளை இறுக்கிவிட்டு வாருங்கள். மீதிப் பணத்தை அப்போது வாங்கிக்கொள்ளலாம்.